வீட்டு மீன்தொட்டியும் ஊர் ஏரியும்

மண்ணின் இயல்பை அறியாமல் விதைப்பவன் விளைச்சலை இழக்கிறான். நீரின் இயல்பை அறியாமல் மீன் வாங்குபவனும் அவ்வாறே தன் பொருளை இழக்கிறான். உழவர் பெருமக்களுக்கு முன்னது நன்கு தெரிந்த உண்மை. பின்னதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த சிற்றூர்களில் இன்று பல வீடுகளின் கூடத்தில் கண்ணாடி மீன்தொட்டி இடம் பெற்றுள்ளது. பிள்ளைகளின் விருப்பத்தை நிறைவேற்ற அதனை வாங்குகிறார்கள். கடையில் நிறத்தால் கண்ணைக் கவர்பவை பெரும்பாலும் ஆப்பிரிக்க சிக்லிட் என்னும் வகையைச் சார்ந்த மீன்களே. நாம் கண்ட ஒரு வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்றில் இத்தகைய மீன்கள் பத்தினை நிறம் பார்த்து வாங்கி விட்டிருந்தனர். ஒரு திங்களுக்குள் நான்கு மாண்டன. மூன்றாம் திங்களின் முடிவில் எஞ்சியது ஒன்றே. எஞ்சியதைக் கொல்ல மனமின்றி, அவ்வீட்டார் அதனை ஒரு குடத்தில் எடுத்துச் சென்று ஏரியில் விட்டுவிட்டனர். இரக்கத்தினால் செய்த செயல்தான். ஆயினும் அதில் இரண்டு பிழைகள் உள்ளன. ஒத்து வாழும் மீன்களைத் தேர்ந்தெடுக்காதது முதற் பிழை. அயல்நாட்டு மீனை ஊர் ஏரியில் விட்டது அதனினும் பெரிய பிழை. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியைக் காண்போம்.

நாம் முன்பே அறிந்த ஆப்பிரிக்க மீன்

சிக்லிட் என்ற பெயர் புதிதாக இருக்கலாம், அம்மீன் புதிதன்று. நம் ஏரிகளில் வலைக்கு அகப்படும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க சிக்லிட் இனங்களுள் ஒன்றேயாகும். உணவு மீனாகப் பயன்படும் என்று கருதி 1952-ஆம் ஆண்டில் அதனை நம் நாட்டிற்குக் கொண்டுவந்தனர். அது விரைவாகப் பெருகியது. நீர்நிலைகளில் தானே பரவியது. கெண்டை வகைகளின் வளர்ச்சிக்கு அது இடையூறாகிறது என்று கண்டு, 1959-இல் மத்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு அதனை மேலும் பரப்பலாகாது என்று தடை விதித்தது. ஆனால் அதற்குள் மீன் கைமீறிவிட்டது. தமிழ்நாட்டின் அமராவதி, வைகை போன்ற நீர்த்தேக்கங்களிலும் அது நிலைத்துவிட்டது. ஏழை மக்களுக்கு மலிவான உணவாக அது உதவுவதை நாம் மறுக்கவில்லை. விட்ட மீனைத் திரும்பப் பெற இயலாது என்பதே நாம் அதனிடமிருந்து கற்க வேண்டிய பாடம்.

கோடையில் ஏரி நீர் வற்றும்பொழுது சேற்றில் வட்ட வட்டமான குழிகள் தென்படுவதை உழவர்கள் கண்டிருப்பர். ஆண் ஜிலேபி தன் வாயால் மண்ணை அள்ளி அக்குழியை அமைக்கிறது. வேறு ஆண் நெருங்கினால் துரத்துகிறது. பெண் மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாக்கிறது. மண்ணைத் தோண்டுதல், எல்லை வகுத்துக் காத்தல், வாயில் அடைகாத்தல் ஆகிய மூன்று குணங்களும் கடையில் விற்கும் பல வண்ண சிக்லிட்டுகளுக்கும் உண்டு. இதனை நினைவில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

மூன்று ஏரிகளின் மீன்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி, டாங்கனீக்கா, விக்டோரியா என்ற மூன்று பெரிய ஏரிகள் உள்ளன. மலாவி ஏரியின் நீளம் ஏறக்குறைய 580 கிலோ மீட்டர். ஆழம் 700 மீட்டர் வரை செல்லும். டாங்கனீக்கா ஏரி உலகிலேயே ஆழத்தில் இரண்டாவதாகும். இவற்றில் நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் வேறெங்கும் இல்லாதவாறு தோன்றியுள்ளன.

தொட்டி வளர்ப்போரிடம் மிகுதியாக உள்ளவை மலாவி ஏரியின் மீன்கள். அவற்றையும் இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். ஒன்று, கரையோரப் பாறைகளிடையே வாழ்ந்து பாறைமேல் படரும் பாசியை மேய்பவை. இவற்றை அந்நாட்டு மீனவர்கள் 'ம்புனா' என்பர். மற்றொன்று, திறந்த நீரிலும் மணற்பரப்பிலும் திரிந்து சிற்றுயிர்களையும் சிறு மீன்களையும் உண்பவை. மயில் சிக்லிட் என்று விற்கப்படுவன இப்பிரிவைச் சார்ந்தவை. புல் மேயும் மாட்டிற்கும் ஊன் உண்ணும் நாய்க்கும் ஒரே தீனி வைப்பாருண்டோ? அதுபோலவே இவ்விரு பிரிவையும் ஒரே தொட்டியில் சேர்ப்பது புதியவர்க்குத் தக்கதன்று.

கடைகளில் ஆஸ்கார், ஏஞ்சல், பிளவர்ஹார்ன் ஆகியவற்றையும் சிக்லிட் என்றே கூறி விற்பர். அவை சிக்லிட் குடும்பமே. ஆயினும் அமெரிக்கக் கண்டத்து வழி வந்தவை. ஆப்பிரிக்க மீன்களோடு அவற்றைச் சேர்த்தலாகாது.

முதலில் நீரை அறிக

மலாவி மீன்களுக்குக் கடினத் தன்மையும் காரத் தன்மையும் உள்ள நீர் வேண்டும். பி.எச். அளவு 7.8 முதல் 8.6 வரையிலும், வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலும் இருத்தல் நன்று. மண் பரிசோதனைக்குக் கொடுப்பதுபோல வீட்டுக் கிணற்று நீரையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சவர்க்காரம் எளிதில் நுரைக்காவிட்டாலும், வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் வெண்மையான படிவு ஏற்பட்டாலும் அந்நீர் கடின நீர் என்று அறியலாம். சமையலுக்கு ஏற்றதன்று என்று நாம் குறை கூறும் அத்தகைய நீர் இம்மீன்களுக்கு ஏற்றது. வீடுகளில் குடிப்பதற்காகச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. நீரில் தாது உப்புகள் நீங்கிவிடுவதால் அது மட்டும் இவற்றிற்கு உதவாது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் அவசியம். கடற்கரையை அடுத்த சிற்றூர்களில் சில ஆழ்குழாய்க் கிணறுகள் உவர்த்திருக்கின்றன. நாவிற்குக் கரிக்கும் உவர்ப்பு வேறு. சுண்ணச் சத்தினால் வரும் கடினத் தன்மை வேறு. மலாவி மீன்களுக்குப் பின்னதே தேவை. உவர் நீர் உள்ள வீட்டினர் மனம் தளர வேண்டுவதில்லை. நம் நாட்டிற்கே உரிய சிக்லிட் இனங்கள் மூன்று உள்ளன. கேரளத்தார் கரிமீன் என்று போற்றுவது அவற்றுள் ஒன்று. 2010-இல் அதனை அம்மாநிலத்தின் மீனாக அறிவித்தனர். அதன் உறவான ஆரஞ்சு குரோமைடு என்னும் சிறு மீன் சற்றே உவர்த்த நீரிலும் இனிது வாழும், குணத்திலும் சாதுவானது. அத்தகைய வீட்டிற்கு அதுவே தக்க முதல் மீன்.

ஊராரின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அதனை அகன்ற பாத்திரத்தில் பிடித்துக் காற்றுப் பம்பு ஓடவிட்டு, ஒரு நாள் கழித்தே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆழ்குழாய் நீரில் பிராணவாயு குறைவாக இருப்பதால் அதற்கும் இம்முறையே பொருந்தும். நீரின் கடினத் தன்மை குறைவாயிருந்தால், கழுவிய கிளிஞ்சல்களை ஒரு வலைப்பையில் இட்டு வடிகட்டியினுள் வைக்கலாம். அவை மெல்லக் கரைந்து நீரைச் சீராக்கும். குளத்திற்கு இடுவதுபோலச் சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் இடுதல் கூடவே கூடாது. மீன்கள் உடனே மாளும்.

தொட்டியை அமைத்தல்

இரண்டடித் தொட்டி இம்மீன்களுக்குப் போதாது. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியைக் குறைந்த அளவாகக் கொள்ள வேண்டும். இதில் சுமார் 250 லிட்டர் நீர் கொள்ளும். கல்லும் கண்ணாடியும் சேர 300 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாதலின், அடித்தாங்கி உறுதியாயும் சமமாயும் இருத்தல் வேண்டும். மேற்கு வெயில் படும் சுவரை ஒட்டி வைக்கலாகாது.

மறைவிடம் மிகுதியாக இருந்தால் சண்டை குறையும். கருங்கற்களை அடுக்கிக் குகைகள்போல இடைவெளிகளை அமைக்க வேண்டும். தொட்டியின் அடியில் மெல்லிய மெத்தைத் தாள் பரப்பி, அதன்மேல் கற்களை உறுதியாக நிறுத்திய பின்னரே ஆற்று மணலைக் கழுவி இடவேண்டும். மணலின்மேல் கல்லை வைத்தால், மீன்கள் அடி மணலைத் தோண்டக் கல் சரிந்து கண்ணாடி உடையும்.

நீர் நிரப்பிய அன்றே மீன் விடுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. எருக்குழியில் சாணம் மக்குவதற்குக் காலம் வேண்டுவதுபோல, இந்நுண்ணுயிர்கள் பெருகவும் 4 முதல் 6 வாரங்கள் வேண்டும். அதுவரை மீன் இல்லாமலே வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் சிறிது மீன் உணவை இட்டு வரலாம். பழகிய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் இக்காலம் குறையும். கார நீரில் அம்மோனியாவின் நஞ்சு பல மடங்கு கடுமையாகும் என்பதால், மலாவி மீன் வளர்ப்போர்க்கு இந்தப் பொறுமை மற்றவரினும் மிகுதியாக வேண்டும்.

எவை எவற்றோடு ஒத்து வாழும்?

தேர்வுக்குரிய விதிகளை ஐந்தாகச் சுருக்கிக் கூறலாம்.

1. ஒரே ஏரியின், ஒரே உணவுப் பழக்கமுள்ள மீன்களையே சேர்க்க வேண்டும்.

2. நிறத்திலும் கோட்டிலும் ஒத்த இரண்டு இனங்களைச் சேர்க்கலாகாது. ஆண் மீன் தன்னைப் போன்ற தோற்றமுள்ளதையே முதற் பகையாகக் கருதும். அன்றியும், நெருங்கிய இனங்கள் தம்முள் கலந்து கலப்புக் குஞ்சுகளை ஈனும். பின்னர் அவற்றை எவரும் விரும்பி வாங்கார்.

3. ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணேனும் இருத்தல் வேண்டும். ஒரே கொட்டிலில் இரண்டு பொலிகாளைகளைக் கட்டுவார் இல்லை. ஒரு பெண் மட்டும் இருந்தால் ஆண் அதனை ஓயாமல் துரத்திக் கொன்றுவிடும்.

4. வளர்ந்தபின் ஆகும் நீளத்தைக் கேட்டறிந்து வாங்க வேண்டும். கடையில் எல்லாக் குஞ்சும் இரண்டு விரல் நீளமே இருக்கும். வீனஸ்டஸ் என்னும் மீன் 25 சென்டி மீட்டர் வரை வளரும். டாங்கனீக்காவின் பிரண்டோசா அதனையும் விஞ்சும்.

5. 'கலவை ஆப்பிரிக்க மீன்' என்று பெயர் சொல்லாமல் விற்பவற்றை வாங்கலாகாது. பெயர் தெரியாத விதையை வயலில் தெளிக்கிறோமா?

இவ்விதிகளின்படி முதல் தொட்டிக்கு நாம் பரிந்துரைப்பவை மூன்று இனங்களாகும். முதலாவது, கடைகளில் 'எலெக்ட்ரிக் எல்லோ' எனப்படும் மஞ்சள் லேபிடோக்ரோமிஸ். இது 10 சென்டி மீட்டர் அளவில் நின்றுவிடும். ம்புனா மீன்களுள் மிகச் சாதுவானவற்றுள் ஒன்று. இரண்டாவது, 'ரஸ்டி' எனப்படும் செங்காவி நிற மீன். அளவிலும் குணத்திலும் முன்னதை ஒக்கும். மூன்றாவது, நீல ஊதா உடலும் மஞ்சள் வாலும் கொண்ட 'அசெய்'. இது கற்களை விட்டு மேல் நீரில் கூட்டமாக நீந்துவதால் மற்ற இரண்டின் எல்லைக்குள் குறுக்கிடுவதில்லை. சற்றுப் பெரிதாக வளரும். மூன்றும் நிறத்தில் வேறுபட்டவை; கலப்புக்கும் இடம் குறைவு.

சிறு வயதில் ஆண் பெண் வேறுபாடு அறிதல் கடினம். ஆகையால் முதல் இரண்டிலும் ஆறு அல்லது ஏழு குஞ்சுகளும், அசெய் இனத்தில் ஐந்தும் வாங்கி வளர்த்து, ஆண்கள் மிகுந்தால் கடைக்காரரிடம் திருப்பித் தரலாம். வாங்கும்போதே இதற்கு அவர் இசைவைப் பெற்றுக்கொள்வது நன்று. எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விடவேண்டும். பின்னர் ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால் கற்களின் அமைப்பை மாற்றிய பிறகே விடுதல் வேண்டும். அப்பொழுது பழைய மீன்களுக்கும் எல்லை புதிதாகிவிடுவதால் சண்டை தணியும்.

புதியவர்கள் விலக்க வேண்டியவையும் உண்டு. பொன்னிறத்தில் கருங்கோடுகள் உள்ள ஆராட்டஸ் குஞ்சு கண்ணைக் கவரும். வளர்ந்த ஆணோ தொட்டி முழுவதையும் தன் ஆட்சிக்கு உட்படுத்தும். கென்யி என்பதும் அத்தகையதே. டெமசோனி மிகச் சிறியது; ஆனால் தன் இனத்தையே கொல்லும். அதனைப் பத்துப் பன்னிரண்டுக்குக் குறையாத கூட்டமாக வளர்க்கும் பயிற்சி பெற்றவர்களே வாங்க வேண்டும். தொட்டியைத் துடைக்கும் என்று கூறி விற்கும் கவசக் கெளுத்தியும் வேண்டா. அதன் கேட்டைப் பின்னர்க் கூறுவோம்.

உணவும் பராமரிப்பும்

ம்புனா மீன்களுக்குத் தாவரச் சத்து மிகுந்த குருணை உணவே ஏற்றது. சுருள்பாசி கலந்தது சிறந்தது. ஓரிரு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு இருமுறை இடலாம். புழுவும் இறைச்சியும் கொடுத்தால் குடல் கெட்டு வயிறு உப்பும் நோய் தோன்றும். மீன் உணவை மறுப்பதும், வெண்ணிற நூல்போலக் கழிவதும் இந்நோயின் முதற் குறிகள்.

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். எடுத்த நீரைச் சாக்கடையில் கொட்டற்க. அதில் தழைச்சத்து உள்ளது. தென்னைக்கும் வாழைக்கும் காய்கறிப் பாத்திக்கும் பாய்ச்சலாம். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். குழாய் நீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் மாண்டுவிடும்.

கத்திரி வெயில் நாட்களில் தொட்டி நீரின் வெப்பம் 30 டிகிரிக்கு மேற்செல்லும். நீரில் பிராணவாயு குறையும். அப்போது மூடியைத் திறந்து, மேல் நீரில் காற்றுப் படுமாறு சிறு மின்விசிறி வைத்து, உணவைக் குறைக்க வேண்டும். மின்தடைக்கென மின்கலத்தால் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருத்தல் இன்றியமையாதது.

பெண் மீன் உணவின்றி, தாடை புடைத்து ஒதுங்கி நின்றால் நோய் என்று அஞ்ச வேண்டா. அது வாயில் முட்டைகளை வைத்துள்ளது. ஏறக்குறைய மூன்று வாரங்களில் குஞ்சுகளை வெளிவிடும். ஒரு தாய் உண்ணாதிருந்து தன் மக்களைக் காப்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பது, பாடப் புத்தகத்தில் கிடைக்காத கல்வியாகும்.

மிகுந்த மீன்களை என்ன செய்வது?

ஆண்கள் மிகும், குஞ்சுகள் பெருகும், சில வேளை வளர்ப்பதில் சலிப்பும் தோன்றும். அப்பொழுதுதான் மக்கள் ஏரியை நினைக்கின்றனர். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் வருகிறது. நம் பகுதி ஏரிகள் வாய்க்கால்களாலும் கலிங்குகளாலும் பிணைக்கப்பட்டவை. ஓர் ஏரியில் விட்ட மீன் ஐப்பசி மழையில் கலிங்கு வழியும்பொழுது அடுத்த ஏரிக்குச் சென்றுவிடும். வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரியோ பறவைகளின் சரணாலயமுமாகும். அங்குள்ள மீன்கள் பறவைகளுக்கும் வாழ்வளிக்கின்றன.

சிக்லிட்டுகளின் தாயகமான விக்டோரியா ஏரியிலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை உள்ளது. 1950-களில் நைல் பெர்ச் என்னும் பெரிய ஊனுண்ணி மீனை அவ்வேரியில் விட்டனர். 1980-களில் அது பெருகியபோது நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் அருகின. பல அடியோடு மறைந்தன. நம் நாட்டிலும் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நீர்நிலைகளில் புகுந்துள்ளது. முன்னே கூறிய கவசக் கெளுத்தி அமெரிக்கக் கண்டத்தது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து தப்பித் தமிழ்நாட்டு, ஆந்திர நீர்நிலைகளில் பெருகி, தன் முள்ளால் வலைகளைக் கிழிக்கிறது, உண்பாரும் இல்லை. ஏரியில் விடும் எல்லா அயல் மீனும் இவ்வாறு பெருகும் என்று நாம் கூறவில்லை. எது பெருகும் என்பதை முன்னரே சொல்ல வல்லார் எவருமில்லை. அதனால்தான் எதையும் விடலாகாது என்கிறோம். பெருகாத மீனும் தன்னோடு நோயைக் கொண்டு செல்லக்கூடும்.

மிகுந்த மீனைக் கடைக்காரரிடம் திருப்பித் தரலாம். வளர்க்கும் மற்றொருவருக்கு அளிக்கலாம். பள்ளியின் தொட்டிக்கு வழங்கலாம். சென்னையின் கொளத்தூரில் உள்ளோர்போல வண்ண மீன் இனப்பெருக்கத்தைத் துணைத்தொழிலாகக் கொள்ள விழைவோர், மழை நீரில் வழியாதவாறு தொட்டிகளின் கரையை உயர்த்தி, மேலும் கழிவுநீர் வாயிலும் நெருங்கிய கண்ணுள்ள வலையிட்டு, அந்நீர் வாய்க்காலைச் சேராமல் தோட்டத்திலேயே சுவறச் செய்தல் வேண்டும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

ஏரிக்கரையில், 'வளர்ப்பு மீன்களை இங்கு விடாதீர்' என்று எழுதிய பலகை ஒன்று வைக்கலாம். மீன்பிடி குத்தகை எடுப்போரிடம், வலையில் புதிய மீன் அகப்பட்டால் உடனே தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டு, அதனை மீன்வளத் துறையினரின் பார்வைக்கு அனுப்பலாம். பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு பிள்ளைகளுக்கு இதனை உணர்த்தலாம். இவற்றிற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. அக்கறை ஒன்றே போதும்.

நீரை அறிந்து, இனத்தை அறிந்து, இடத்தை அறிந்து வளர்த்தால் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் பல்லாண்டு நம் கூடத்தை அழகு செய்யும். அவற்றின் இடம் கண்ணாடிக்கு உள்ளேயே. ஏரி நம் முன்னோர் வெட்டி, நமக்குப் பின் வருவோர்க்கென விட்டுச் சென்றது. தொட்டியில் நேரும் பிழை ஒரு வீட்டோடு முடியும். ஏரியில் நேரும் பிழையோ ஊர் முழுவதையும் பல தலைமுறைக்குத் தொடரும். இதனை உணர்ந்து, தொட்டியையும் பேணுவோம், ஏரியையும் காப்போம்.